‘முழுவதும் மக்கியது’ என்று போட்ட மூட்டை, உள்ளே இன்னும் வெதுவெதுப்பு

வைக்கோல், கரும்புச் சக்கை, நிலக்கடலைத் தோல் மூன்றையும் மக்கவைத்துத் தயாரித்த உரம், 25 கிலோ மூட்டை, இரண்டு வாங்கினேன். ‘முழுவதும் மக்கியது’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். முதல் மூட்டையைப் பிரித்துக் கையை விட்டால் உள்ளே வெதுவெதுப்பு. மக்கி முடிந்த உரம் சூடாக இருக்காது, இது தெரிந்தும் அவசரத்தில் அப்படியே பாத்தியில் கொட்டிக் கொத்திவிட்டேன், அது என் தப்பு.

கேரட், முள்ளங்கி, நடுநடுவே ஊடுபயிராகக் கொத்தமல்லி. கேரட் முளைக்கவே இரண்டு வாரம் ஆகும், பிடுங்க மூன்று மாதம். அதற்குள் முள்ளங்கியும் மல்லியும் ஒன்றரை மாதத்தில் வந்து இடத்தைக் காலி செய்துவிடும் என்பது கணக்கு. (புதினாவை மட்டும் இந்தக் கூட்டணியில் சேர்க்காதீர்கள், அது வேரோடி மொத்தப் பாத்தியையும் பிடித்துக்கொள்ளும், தொட்டியில் கிடக்கட்டும்.)

மூன்றாவது வாரமே மல்லி வெளிறி மஞ்சளடித்தது. விற்றவர்களைக் கேட்டால் தண்ணீர் கூட்டுங்கள் என்றார்கள். விஷயம் தண்ணீரில் இல்லை. காய்ந்த வைக்கோலில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) அறுபது, எழுபது பங்கு கரிமச்சத்து (கார்பன்) இருக்கும், நன்றாக மக்கினால்தான் அது இருபதுக்குப் பக்கத்தில் இறங்கும். அரைகுறையாகப் போட்டால் நுண்ணுயிர்கள் மிச்ச வேலையை முடிக்க மண்ணில் இருக்கிற தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ளும், செடி பட்டினி கிடக்கும். மல்லியாவது பிறகு கொஞ்சம் தேறியது. கேரட்டைப் பிடுங்கினால் பாதிக்கு இரண்டு கால், ஒன்றில் அந்தக் கவட்டைக்குள் விரல் நீளச் சக்கைத் துண்டு அப்படியே மாட்டிக்கொண்டிருந்தது. வேர் நுனி எதிலாவது முட்டினால் பிரியத்தான் செய்யும்.

சரி, இரண்டாவது மூட்டையைத் தூக்கிப் போட மனசில்லை. பிழிந்தால் ஒரு சொட்டு வருகிற அளவுக்கு நனைத்துக் குவித்து, மூடி வைத்து, வாரம் ஒருமுறை புரட்டிப் போட்டேன். ஆறு வாரத்தில் சூடு அடங்கி மழை மண் வாசனை வந்தது. சலித்து, தங்கியதை மறுபடி குவியலிலேயே தள்ளிவிட்டுப் போட்டேன். அதே பாத்தி, அதே விதை. மல்லி கரும்பச்சை, கேரட் பெரும்பாலும் நேராக வந்தது, முள்ளங்கியும் வெறும் இலையாகப் போகாமல் கிழங்கு பிடித்தது. தழைச்சத்து அதிகமான உரம் போட்டிருந்தால் இலைதான் தளதளவென்று நின்றிருக்கும், அந்த வகையில் கிழங்குப் பயிருக்கு இந்தச் சரக்கு தோதானதுதான்.

சரக்குக்கு நான்கு நட்சத்திரம், மூட்டை மேல் எழுதியதற்கு ஒன்று. வாங்கியதும் போடலாம் என்று நினைப்பவர்கள் வேறு பாருங்கள். நான் மூன்றாவதும் வாங்கியிருக்கிறேன், மூடிப்போட்டு நான்கு வாரம் ஆகிறது, நேற்றுக் கை விட்டுப் பார்த்தேன், இன்னும் சுடுகிறது.