கோத்தகிரி பக்கம் குழந்தைக்கு எக்ஸ்ரே எடுக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

எக்ஸ்ரே அறையில் "அம்மா வந்து குழந்தையைப் பிடிச்சுக்கோங்க" என்று கூப்பிட்டால், கதிரைத் தடுக்கும் ஈய ஏப்ரன் (மேலே கட்டும் கனமான அங்கி) போட்டுவிடாமல் சுவிட்சை அழுத்த விடாதீர்கள். கோத்தகிரி பக்கம் ஒரு தனியார் ஸ்கேன் சென்டரில் எங்களுக்கு நடந்ததை எழுதுகிறேன். புகார் கொடுத்திருக்கிறோம், விசாரணை முடியும் வரை பெயரைப் போடவில்லை.

மகனுக்கு மூன்று வயது. சளி, காய்ச்சல், மூச்சு இழுப்பு. நிமோனியாவா என்று பார்க்க டாக்டர் நெஞ்சு எக்ஸ்ரே எழுதிக் கொடுத்தார். அடைமழை, மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்து கிடந்தது. கீழே இறங்க வழியில்லாமல் இருந்ததில் பக்கத்தில் போனோம்.

குழந்தை மிஷினைப் பார்த்ததும் அலறினான். கையைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி என் மனைவியை நிற்க வைத்தார்கள். கர்ப்பமாக இருக்கிறீர்களா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏப்ரன் இல்லாமலும் இல்லை. மூலையில் ஒரு ஸ்டூலின் மேல் நாலாக மடித்து, அதன் மேல் பழைய கவர்களை அடுக்கியிருந்தார்கள். மடித்த ஓரத்தில் பூஞ்சை பூத்திருந்தது. ஏப்ரனை மடிக்கவே கூடாது. உள்ளே இருக்கும் ஈயத் தகடு மடிப்பில் வெடித்துவிடும், அந்த வெடிப்பு வழியாகக் கதிர் உள்ளே வரும். ஹேங்கரில்தான் தொங்கவிட வேண்டும்.

"அதைக் கொடுங்க தம்பி" என்றேன், படம் எடுக்கும் பையனிடம்.

"அது எதுக்கு சார், ஒரு செகண்ட்தானே, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லி என்னை வெளியே அனுப்பிவிட்டார். கதவு சரியாகச் சாத்தவில்லை, கையளவு இடைவெளி. கதவுக்கு மேலே இருந்த சிவப்பு பல்பு எரியவே இல்லை. எதிரே பெஞ்சில் காத்திருந்தவர்களில் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணும் இருந்தார், நிறைமாதம். மாமியாரின் முட்டிக்குப் படம் எடுக்கத் துணைக்கு வந்தவர். அவரைத் தள்ளி உட்காரச் சொல்ல அங்கே யாருக்கும் தோன்றவில்லை. நான்தான் சொல்லி நகர்த்தினேன்.

முதல் படம் ஆடிவிட்டது என்று மறுபடி எடுத்தார்கள். பில்லில் இரண்டுக்கும் பணம்.

வீட்டுக்கு வந்து பிலிமை ஜன்னலில் வைத்துப் பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. நெஞ்சு மட்டும் விழ வேண்டிய படத்தில் தாடையிலிருந்து இடுப்பு வரை விழுந்திருக்கிறது. இரண்டு ஓரத்திலும் என் மனைவியின் விரல் எலும்புகள், ஒரு விரலில் மோதிரம். எடுக்கும் முன் குழந்தை மேல் குறுக்குக் கோடு போட்ட ஒரு வெளிச்சக் கட்டம் விழுமே, கதிர் போகும் இடம் அதுதான். அதை நெஞ்சளவுக்குச் சுருக்க மிஷினிலேயே குமிழ் இருக்கிறது. சுருக்கியிருந்தால் குழந்தையின் வயிற்றுக்கும் இடுப்புக்கும் போனது போயிருக்காது, அவள் கையும் தப்பியிருக்கும். ஏப்ரன் தடுப்பது குழந்தையின் உடம்பில் பட்டுச் சிதறி வரும் கதிரைத்தான். நேர்க் கதிருக்குள் கை போகவே கூடாது. அதனால் பிடிக்கிறவர் ஏப்ரனும் போட வேண்டும், கையை அந்தக் கட்டத்துக்கு வெளியேயும் வைக்க வேண்டும்.

மறுநாள் போய்க் கேட்டதற்கு மேனேஜர், "ஏப்ரன் தேவையில்லைன்னு வெளிநாட்டிலேயே சொல்லிட்டாங்க சார்" என்றார். பாதி உண்மை. அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2019-ல், நோயாளியின் இடுப்பில் ஈயத் துண்டு போடுவதை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்று சொன்னது உண்மைதான். அது படம் எடுக்கப்படுகிறவருக்கு. பக்கத்தில் நின்று பிடிக்கிற அம்மாவுக்கு அது பொருந்தாது. இந்தப் பதிலைச் சொல்லி உங்களையும் அனுப்பப் பார்ப்பார்கள், நினைவில் வையுங்கள்.

இதைப் படித்துவிட்டு யாரும் எக்ஸ்ரேயே வேண்டாம் என்று போய்விடாதீர்கள். பெரியவர்களுக்கு ஒரு நெஞ்சுப் படத்தில் கிடைப்பது 0.1 மில்லிசீவர்ட் (உடம்பில் படும் கதிரை அளக்கும் அலகு) அல்லது அதற்கும் குறைவு. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கையாகவே நமக்கு வருவது உலக சராசரியில் ஆண்டுக்கு 2 முதல் 3 மில்லிசீவர்ட். சுவிட்சை விட்டதும் கதிர் நின்றுவிடும், அறையில் எதுவும் தங்காது. நிமோனியாவைக் கண்டுபிடிக்காமல் விடுவதுதான் பெரிய ஆபத்து. ஆனால் நோயாளிக்குப் படத்தால் பலன் உண்டு, பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவருக்கு என்ன பலன்? அதனால்தான் பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட் என்று வரம்பே வைத்திருக்கிறார்கள். நாள் முழுக்க அங்கேயே நிற்கும் ஊழியர்களுக்கு ஐந்து ஆண்டு சராசரியில் ஆண்டுக்கு 20. அதை அளக்கத்தான் சட்டையில் டிஎல்டி பேட்ஜ் குத்துவது. அந்தத் தம்பியின் சட்டையில் அது இல்லை. எங்களை விட அவரை நினைத்தால்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது, சின்னப் பையன்.

மும்பையில் இருக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி இல்லாமல் எக்ஸ்ரே மிஷினை ஓட்டக் கூடாது. 2004-ம் ஆண்டு கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகளின் கீழ் வருவது இது. அனுமதிக் கடிதத்தைக் காட்டுங்கள் என்றதற்கு "ஓனர்கிட்ட இருக்கு" என்றார்கள். ஓனர் கோவையில் இருக்கிறாராம். இரண்டாவது படத்துக்கான பணத்தையும் திருப்பித் தரவில்லை.

மகனுக்கு இப்போது தேவலை. ரோடு திறந்தபின் மறுபரிசோதனைப் படத்தைக் கீழே மேட்டுப்பாளையத்தில் எடுத்தோம். நாங்கள் கேட்காமலே "மாசமா இருக்கீங்களா அக்கா?" என்று கேட்டு, அவள் இல்லை என்றதும் ஹேங்கரிலிருந்து ஏப்ரனை எடுத்துக் கட்டிவிட்டார்கள். கட்டத்தைச் சுருக்கினார்கள், கதவைச் சாத்தினார்கள். எல்லாம் சேர்த்து ஒரு நிமிடம் கூட அதிகம் ஆகவில்லை.

ஊட்டியில் நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் பிலிம் நகலும் பில்லும் வைத்து மனு கொடுத்திருக்கிறேன். சென்னையில் வாரியத்தின் தென்மண்டல அலுவலகத்துக்கும் ஒரு பிரதி அனுப்பியாயிற்று. கோத்தகிரி பக்கம் குழந்தையைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தவர்கள் வீட்டில் இருக்கும் பிலிமை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஓரத்தில் உங்கள் விரல் தெரிந்தால் பில்லோடு சேர்த்து எடுத்து வையுங்கள், நீங்களும் அதே அலுவலகத்தில் மனு கொடுக்கலாம்.