மெலிந்த டிஸ்க் இமேஜ் மெலிந்தபடியே போய்ச் சேர: ஆர்சிங்க் நீண்டகாலப் பாவனை

கஸ்தூரியார் வீதியில் உள்ள ஒரு கணக்கியல் அலுவலகத்தின் சேர்வர் என் பொறுப்பில் இருக்கிறது. அதில் கேவிஎம் என்ற லினக்ஸ் மெய்நிகராக்க வசதியில் ஓடும் மெய்நிகர் கணினிகளின் ரோ வகை இமேஜ்கள் (ஒரு கணினியின் முழு டிஸ்க்கையும் அப்படியே வைத்திருக்கும் கோப்புகள்), இரவில் கொக்குவிலில் இருக்கும் இன்னொரு பெட்டிக்கு, அதாவது சேர்வருக்கு, கோப்புகளை ஒத்திசைக்கும் ஆர்சிங்க் கட்டளை வழியாகப் போகின்றன. சில வருடங்களாக இதே ஏற்பாடுதான். எனக்கு முழுத் திருப்தி.

கணக்கு மென்பொருள் ஓடும் கணினிக்கு 200 ஜிபி ஒதுக்கியிருக்கிறோம், உண்மையில் எழுதப்பட்டது 60 ஜிபியைத் தாண்டவில்லை. மிச்சம் வெறும் ஓட்டை, அதாவது டிஸ்க்கில் இடம் பிடிக்காத வெற்றுப் பகுதி. ஓட்டையை ஓட்டையாகவே வைக்கச் சொல்லும் ‘ஸ்பார்ஸ்’ தெரிவை ஆர்சிங்குக்குக் கொடுக்காமல் அனுப்பினால் மறுபக்கத்தில் அந்த ஓட்டை முழுதும் சுழியங்களாக எழுதப்பட்டு 200 ஜிபியையும் விழுங்கிவிடும். ‘எல்எஸ்’ கட்டளை இரண்டு பக்கமும் ஒரே அளவைத்தான் காட்டும். பிடித்த இடம் எவ்வளவு என்பதை ‘டியூ’தான் சொல்லும். ஆகவே இரண்டு பெட்டியிலும் ‘டியூ’ போட்டு ஒப்பிடுவதை நான் தவறவிடுவதில்லை.

பழைய நகலின் மேலேயே எழுதச் சொல்லும் ‘இன்பிளேஸ்’ தெரிவு இல்லாவிட்டால் ஆர்சிங்க் பக்கத்திலேயே ஒரு தற்காலிகக் கோப்பை முழுதாகக் கட்டிவிட்டுத்தான் பழையதை மாற்றும். அவ்வளவு இடம் சிறிய பெட்டியில் எங்கே? ‘ஸ்பார்ஸ்’, ‘இன்பிளேஸ்’ இரண்டையும் சேர்த்துக் கொடுக்க ஆர்சிங்கின் 3.1.3 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பு வேண்டும், பழையவை மறுத்துவிடும். அப்படிப் பழையது மட்டும் உள்ள இடத்தில் முதல் நகலை ‘ஸ்பார்ஸ்’ஸில் எடுத்து, பிறகு ‘இன்பிளேஸ்’ஸில் தொடரலாம்.

‘இன்பிளேஸ்’ஸில் ஓர் ஆபத்தும் உண்டு. நடுவில் கரண்ட் போனால் நகல் பாதி பழையது, பாதி புதியதாக நிற்கும். அதனால் கொக்குவில் பெட்டியில் பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமையைப் போட்டு, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் ஸ்னாப்ஷொட் (அந்த நேரத்து நிலையின் பதிவு) எடுக்கிறேன். மாறிய பகுதி மட்டுமே எழுதப்படுவதால் அந்த ஸ்னாப்ஷொட்டுகளுக்கும் அதிக இடம் போவதில்லை. இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

வேகத்தைப் பெரிதாக எதிர்பார்க்கவேண்டாம். ஆர்சிங்க் ஓட்டைகளையும் சுழியங்களாக வாசித்துத்தான் கடக்கும், சிபியூ உழைக்கும். ஓடிக்கொண்டிருக்கும் இமேஜை அப்படியே நகலெடுக்கவும் கூடாது. நாங்கள் கணினியை நிறுத்திவிட்டுத்தான் எடுக்கிறோம், இரவில் அலுவலகத்தில் ஆள் இல்லை என்பதால் சிரமமில்லை.

மூல இமேஜும் நாளடைவில் கொழுக்கும், ஏனென்றால் மெய்நிகர் கணினிக்குள் கோப்புகளை அழித்தாலும் இமேஜில் அவை பிடித்த இடம் (பிளொக்குகள்) விடுபடுவதில்லை. மெய்நிகர் கணினிகளை நிர்வகிக்கும் லிப்வர்ட் அமைப்பில் டிஸ்க்குக்கு ‘டிஸ்கார்ட்’டை ‘அன்மேப்’ என்று வைத்து, லினக்ஸ் விருந்தினருக்குள் (உள்ளே ஓடும் மெய்நிகர் கணினியில்) அழித்த இடத்தை விடுவிக்கும் ‘எஃப்எஸ்டிரிம்’ கட்டளையை ஓடவிட்டால் இமேஜ் மெலியும்.

வெளி டிஸ்க்கில் ஒரு பிரதி வைப்பவர்கள் அது எக்ஸ்ஃபாட் இல்லை என்பதைப் பாருங்கள். அந்தக் கோப்பு முறைமை ஓட்டைகளை அறியாது. மீட்கும்போதும் இதே கவனம் வேண்டும்: திரும்பக் கொண்டுவரும் கட்டளையிலும் ‘ஸ்பார்ஸ்’ இருக்கட்டும், ‘சிபி’ என்ற நகல் கட்டளையானால் ‘ஸ்பார்ஸ்’ஸுக்கு ‘ஆல்வேஸ்’ என்று கொடுங்கள்.