செயின்ட் ஐவ்ஸ்: டேட் அருங்காட்சியகமும் ஹெப்வொர்த் தோட்டமும்

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கார்ன்வாலில் இருக்கிற சின்ன மீன்பிடி ஊர் செயின்ட் ஐவ்ஸ். லண்டன் டேட் கலைக்கூடத்தின் கிளை ஒன்று இங்கே இருக்கிறது. சிற்பி பார்பரா ஹெப்வொர்த் வாழ்ந்த வீடும் பட்டறையும் அவர்கள் பொறுப்பில்தான். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போய்விடலாம். தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த அப்பாவையும் அழைத்துப் போயிருந்தேன். வல்லம் என்கிற நாட்டுப் படகில் கடலுக்குப் போய் எங்களை வளர்த்தவர் அவர்.

டேட் கட்டடம் 1993-ல் திறந்தது. முன்பு இங்கே எரிவாயுத் தொழிற்சாலை இருந்தது; அதன் உருளைத் தொட்டியை நினைவூட்டுவது போல முகப்பை வட்டமாகக் கட்டியிருக்கிறார்கள். எதிரே போர்த்மியோர் கடற்கரை. உள்ளே ஒரு பெரிய வளைந்த கண்ணாடி வழியாக அலை அடிப்பதைப் பார்த்துக்கொண்டே நடக்கலாம். ஓவியத்தில் இருக்கும் அந்தச் சாம்பல் கலந்த பச்சையும் வெள்ளையும் வெளியேயும் அப்படியே கிடக்கின்றன.

என்னைப் பொறுத்தவரை இங்கே முதலில் பார்க்க வேண்டியது ஆல்ஃப்ரெட் வாலிஸ். 1855-ல் பிறந்தவர். கடலில் வேலை பார்த்துவிட்டு, அப்புறம் இந்த ஊரில் பழைய கப்பல் சாமான் வியாபாரம் செய்தார். மனைவி இறந்த பிறகு, எழுபது வயதை ஒட்டித்தான் வரைய ஆரம்பித்தார். துணைக்கு ஆள் இல்லாத தனிமையில் வரைந்தவை. அட்டைப்பெட்டியைக் கிழித்து, கப்பலுக்கு அடிக்கிற பெயின்ட்டில் போட்ட படங்கள். அட்டை கோணலாக இருந்தால் படமும் கோணல்தான். பல இடங்களில் அட்டையின் பழுப்பு நிறத்தையே நிறமாக விட்டுவிட்டார். துறைமுகத்தை மேலிருந்து பார்த்தது போலவும், அதற்குள் நிற்கிற படகைப் பக்கவாட்டிலும் ஒரே படத்தில் வரைவார். எது முக்கியமோ அது பெரிசு: படகு பெரிசு, வீடு சின்னது.

அப்பா ஒரு படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். "யய்யா, இது கடலுக்குப் போனவன் வரஞ்சதுல்லா" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, காற்றுக்குப் படகு சாய்ந்திருக்கிற அளவையும், அந்தச் சாய்வுக்கு ஏற்றபடி பாய் நிற்பதையும், அணியம், அதாவது படகின் முன்பக்கம், அலையை நேராக வாங்காமல் சற்றே விலகி வெட்டுவதையும் காட்டினார். பக்கத்திலிருந்த குறிப்புப் பலகையை நான் அப்போது படித்திருக்கவே இல்லை. பல கலை நூல்கள் எனக்குச் சொல்லாத ஒன்றை அந்த நிமிடம் சொன்னது.

1928-ல் பென் நிகல்சன், கிறிஸ்டோபர் வுட் என்ற இரண்டு இளம் ஓவியர்கள் இந்த ஊர்த் தெருவில் போகும்போது, திறந்த கதவு வழியாக வாலிஸின் படங்கள் சுவரில் ஆணியடித்திருப்பதைப் பார்த்தார்கள். படித்து வந்த அவர்கள் அந்தக் கிழவரிடமிருந்து கற்றுக்கொண்டார்கள். அவரோ 1942-ல் மேட்ரன் ஊர் ஏழைகள் விடுதியில் இறந்தார். டேட்டுக்கு மேலே மேட்டில் இருக்கும் கல்லறைத் தோட்டத்துக்கு அவசியம் ஏறிப் போங்கள். குயவர் பெர்னார்ட் லீச் செய்த ஓடுகள் பதித்த கல்லறை. பெரிய கலங்கரை விளக்கத்தின் வாசலில் ஒரு சின்ன மனிதன். 'கலைஞர், கடலோடி' என்று எழுதியிருக்கிறது. எனக்கு அங்கே தொண்டை அடைத்துவிட்டது.

கலைஞர்கள் இங்கே வந்து குவிந்ததற்குக் காரணம் சும்மா 'இயற்கை அழகு' மட்டும் கிடையாது. 1877-ல் ரயில் வந்தது. மத்தி மீன்பிடி நொடித்து, வலை வைக்கிற மாடிகள் காலியாகி, ஓவியர்களுக்குக் குறைந்த வாடகைக்குக் கிடைத்தன. போர்த்மியோர் பட்டறைகளில் இன்றைக்கும் கீழே மீனவர்கள், மேலே ஓவியர்கள். வெளிச்சமும் உண்மைதான்: கடல் சூழ்ந்த நிலம், வெளிர் மணல், அதில் பட்டுத் திரும்பும் ஒளி.

ஹெப்வொர்த் 1939-ல், போர் வெடிக்கும் தறுவாயில் இங்கே வந்தார். 1949-ல் இந்தப் பட்டறையை வாங்கி, 1975-ல் தீ விபத்தில் இறக்கும்வரை இங்கேயே இருந்தார். தோட்டத்துச் செடிகளுக்கு நடுவே வெண்கலச் சிற்பங்கள். சிலவற்றின் நடுவில் துளை. அதன் வழியே எட்டிப் பார்க்கலாம். மரச் சிற்பங்கள் சிலவற்றில் இழுத்துக் கட்டிய நூல்கள் உண்டு. தனக்கும் கடலுக்கும் காற்றுக்கும் இடையிலான இழுவிசைதான் அது என்று அவரே சொல்லியிருக்கிறார். பட்டறையில் உளிகளும் வேலை அங்கியும் பாதியில் நின்ற கல்லும் அப்படியே இருக்கின்றன. டேட்டைவிட எனக்கு இதுதான் பிடித்தது.

இலக்கியம் படிக்கிறவர்கள் துறைமுகத்திலிருந்து விரிகுடாவுக்கு அப்பால் பாருங்கள், காட்ரெவி கலங்கரை விளக்கம் தெரியும். எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃப் சிறுமியாகக் கோடை விடுமுறைகளைக் கழித்தது இந்த ஊரில்தான்; 'டு தி லைட்ஹவுஸ்' நாவலுக்குத் தூண்டுதல் அந்த விளக்கம்தான்.

கடைசியாகச் சில விஷயங்கள். ஊர் முழுக்க ஏற்றமும் படியும். முட்டி வலி உள்ளவர்கள் மெதுவாகப் போக வேண்டும். கோடையில் கார் நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம், செயின்ட் எர்த்தில் விட்டுவிட்டு ரயிலில் வாருங்கள். வலது பக்க ஜன்னல் பிடித்தால் கடல் தெரியும். கடல் வற்றும் நேரத்தைப் பார்த்துக் கிளம்புங்கள். தூத்துக்குடியில் ஒரு மீட்டர்கூட ஏறி இறங்காத கடல், இங்கே பெரிய ஓத நாட்களில் ஐந்து மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். காலையில் மிதந்த படகுகள் மத்தியானம் மணலில் சாய்ந்து கிடக்கும். வாலிஸ் வரைந்த துறைமுகத்தை அப்போது இறங்கி நடந்தே பார்க்கலாம். கையில் தின்பண்டம் மட்டும் வேண்டாம், கடற்காகம் பறித்துக்கொண்டு போய்விடும்.