துத்திச் செடியில் ஒன்று, குறுந்தோட்டியில் இன்னொன்று: சேலத்து வறண்ட நிலத்தின் இரண்டு குட்டி ஸ்கிப்பர்கள்

ஏற்காடு அடிவாரத்திலும் குரும்பப்பட்டிப் பக்கத்துப் புதர்க்காட்டிலும் தரையை ஒட்டி விர்ரென்று போய் உட்காரும் சின்னப் பூச்சியைப் பலரும் அந்துப்பூச்சி என்று விட்டுவிடுகிறார்கள். தடித்த உடம்பும் நுனி கொக்கி போல வளைந்த உணர்கொம்பும் இருந்தால் அது ஸ்கிப்பர் என்ற வண்ணத்துப்பூச்சி வகை. ஆரஞ்சு நிறமாக இருந்தால் அது புல்லில் வளரும் வேறு கூட்டம், இங்கே வேண்டாம்.

வறண்ட நிலத்தில் குழப்புபவை இரண்டு: இந்தியன் ஸ்கிப்பர் (ஸ்பியாலியா கல்பா), மார்பிள்டு ஸ்கிப்பர் (கோமாலியா எல்மா). முதலாவதற்கு ஃபேப்ரீசியஸ் 1793-இல் பெயரிட்டார். இரண்டாவது ஆப்பிரிக்காவிலிருந்து அரேபியா வழியாக இந்தியா, இலங்கை வரை பரவியிருக்கிறது.

இறக்கையை விரித்து உட்கார்ந்தால் பாதி வேலை முடிந்தது. கல்பா கரும்பலகையில் சுண்ணாம்பு தெளித்தது போல இருக்கும். கறுப்பில் தனித்தனியாக, விளிம்பு தெளிவான வெள்ளைப் புள்ளிகள். எல்மாவில் அந்தத் தெளிவு கிடையாது. பாசிப்பச்சையும் பழுப்பும் கலங்கிக் கிடக்கும், முன்னிறக்கை நுனியருகே சில கண்ணாடிப் புள்ளிகள், பின்னிறக்கையின் மேற்பக்கம் நடுவில் ஒரு வெளிர் பட்டை. ஆனால் எல்மா பழையதாகித் தேய்ந்துவிட்டால் போட்டோவை மட்டும் வைத்துச் சண்டை போடுவது வீண்.

அப்போது செடியைப் பார்க்கலாம். என்னைக் கேட்டால் முதலிலேயே செடியைத்தான் பார்க்க வேண்டும். எல்மாவுக்குத் துத்தி. சேலத்தில் காலி மனை இருந்தால் துத்தியும் இருக்கும், தேடி அலைய வேண்டாம். கல்பாவுக்குக் குறுந்தோட்டி வகைச் செடிகள். இரண்டும் பருத்திக் குடும்பம்தான் என்பதால் செடி நல்ல துப்பு, முடிவான சாட்சி அல்ல.

வாழ்க்கை முறை இரண்டுக்கும் ஒரே பாணி: முட்டை ஒவ்வொன்றாக, புழு வந்ததும் வீடு. துத்தி இலை அகலமானது. எல்மாப் புழு அதன் ஓரத்தை மடித்துப் பட்டு நூலால் ஒட்டிவிடும். குறுந்தோட்டி இலை சிறியது என்பதால் கல்பாவின் குடிசையைக் கண்டுபிடிப்பது பொறுமையைச் சோதிக்கும். புழுவின் தலை பெரிதாக, கழுத்து ஒடுங்கி இருக்கும். ஸ்கிப்பர் புழு எதற்கும் அப்படித்தான், அதனால் புழுவை வைத்து மட்டும் பெயர் சொல்ல நான் துணிய மாட்டேன்.

சரி, வளர்த்துப் பார்க்க எது? துத்தியில் இருப்பதை எடுங்கள். மடிந்த இலையோடு கிளையை ஒடித்துத் தண்ணீரில் வையுங்கள், மடிப்பைப் பிரிக்காதீர்கள். இலை வாடினால் புது இலையைப் பக்கத்தில் வைத்தால் போதும், புழுவே மாறிக்கொள்ளும். சில நேரம் வண்ணத்துப்பூச்சிக்குப் பதில் ஒட்டுண்ணிக் குளவி வெளியே வரும். அதையும் குறித்துவையுங்கள்.