எல்லாருக்கும் அங்கன்வாடியா, சிலருக்குத் தனியார் எல்கேஜியா?

மழலைக் கல்விக்கு அரசுப் பணம் எந்த வழியில் போக வேண்டும்? தமிழ்நாட்டில் இரண்டு வழியும் நடப்பில் இருக்கின்றன.

யாருக்கு?
அங்கன்வாடி: வருமானச் சான்று கேட்பதில்லை.
ஆர்டிஇ (கல்வி உரிமைச் சட்டம்) வழியாகத் தனியார் பள்ளிகளில் ஒதுக்கப்படும் 25 சதவீத இடம்: நலிந்த பிரிவுக்கு ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல்.

செலவு?
அங்கன்வாடி: பெற்றோருக்கு எதுவுமில்லை.
ஆர்டிஇ: கட்டணம் அரசுடையது, வேன் செலவு நம் தலையில்.

சாப்பாடு? இங்கேதான் பெரிய வித்தியாசம். அங்கன்வாடியில் சூடான மதியச் சோறு, அவித்த முட்டை, எடை பார்த்துக் குறித்துவைக்கும் பதிவேடு எல்லாம் உண்டு. மூன்று வயதில் எழுத்தைவிட இதுதான் முக்கியம். தனியாரில் வீட்டு டிபன் பாக்ஸ்தான்.

படிப்பு? பெற்றோர் தனியாரையே நம்புகிறார்கள். அதனால்தான் 2019-இல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களிலுள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கினார்கள்.

நிலைத்தன்மை? 2025-இல் ஒன்றிய அரசின் நிதிச் சிக்கலில் ஆர்டிஇ சேர்க்கை பல மாதம் தள்ளிப்போனது. அங்கன்வாடி வழக்கம்போல் திறந்திருந்தது.

சரி, எது யாருக்கு? காலையில் வேலைக்குப் போகும் அம்மாவின் சின்னக் குழந்தைக்கு அங்கன்வாடி. எட்டாம் வகுப்புவரை ஒரே பள்ளியில் படிக்க வைக்க நினைத்தால் ஆர்டிஇ. அரசின் அடுத்த ரூபாய், என்னைக் கேட்டால், ஒவ்வொரு அங்கன்வாடிக்கும் பாடம் நடத்த மட்டும் ஓர் ஆசிரியர் வைப்பதற்குப் போகட்டும்.