ஜான் மியூர் பாதை: தெற்கு நோக்கி நடப்பதா, வடக்கு நோக்கி நடப்பதா?

கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில், யோசெமிட்டி பள்ளத்தாக்குக்கும் 4,421 மீட்டர் உயரமுள்ள விட்னி சிகரத்துக்கும் இடையே சுமார் 340 கிலோமீட்டர் நீளும் ஜான் மியூர் பாதையை இரு முனைகளில் எதிலிருந்தும் தொடங்கலாம். கூடாரத்தையும் காலணியையும் மாதக்கணக்கில் ஆராய்பவர்கள்கூட, திசையை மட்டும் எந்த முனைக்கு அனுமதிச் சீட்டு கிடைக்கிறதோ அதன் போக்கிலேயே விட்டுவிடுகிறார்கள். நான் தெற்கு நோக்கி நடந்தவன். முதன்முறை செல்பவர்களுக்கு இன்றும் அதையே பரிந்துரைப்பேன் என்பதால், இந்த அலசலில் அந்தப் பக்கமே தராசு சற்றுத் தாழ்ந்திருக்கும்.

காட்சிகளைப் பொறுத்தவரை இரு திசைகளுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. தெற்கே செல்பவர் வெயிலை முகத்தில் வாங்குவார், வடக்கே செல்பவர் முதுகில் வாங்குவார். நல்ல தொப்பி இருந்தால் அது பொருட்டல்ல. ஜூலைத் தொடக்கத்தில் செல்வதானால் பனியைக் கணக்கில் கொள்ள வேண்டும். கணவாய்களின் வடக்குச் சரிவில்தான் பனி நெடுநாள் தங்கும். தெற்கே செல்பவர் அந்தப் பனியில் ஏறுவார், வடக்கே செல்பவர் அதில் இறங்குவார். வழுக்கும் சரிவில் இறங்குவதைவிட ஏறுவதே எளிது.

என் தீர்ப்பை முடிவு செய்தது உணவுச் சுமையும் உயரமும் ஒன்றையொன்று சந்திக்கும் இடம். பாதையின் வடபாதியில் ரெட்ஸ் மெடோ, வெர்மிலியன் வேலி, மியூர் டிரெயில் ராஞ்ச் என்று முன்கூட்டி உணவு அனுப்பிவைத்துப் பெற்றுக்கொள்ளும் இடங்கள் வருகின்றன (அந்தந்த ஆண்டில் அவை இயங்குகின்றனவா என்று கேட்டுக்கொள்வது நல்லது). பாதித் தொலைவில் இருக்கும் மியூர் டிரெயில் ராஞ்சுக்குத் தெற்கே, விட்னி சிகரத்திலிருந்து இறங்கிச் சாலையை அடையும் இடமான விட்னி போர்ட்டல் வரையிலான ஏறத்தாழ 175 கிலோமீட்டரில் பாதையை ஒரு சாலைகூடக் குறுக்கிடுவதில்லை. நாளொன்றுக்கு 20 கிலோமீட்டர் நடப்பவருக்கு அது ஒன்பது நாள் உணவு. நாளுக்கு முக்கால் கிலோ என்று வைத்தாலும் ஏழு கிலோவை நெருங்கும். பாதையின் பெரும்பகுதியில் உணவைக் கரடியால் திறக்க முடியாத கெட்டியான டப்பாவில் வைப்பது கட்டாயம். பெரிய டப்பாவே சுமார் 11.5 லிட்டர்தான் கொள்ளும், வெறுமையாகவே ஒரு கிலோவுக்கு மேல் எடை இருக்கும். ஆகவே எடையோடு இடமும் ஒரு சிக்கலாகிறது. அவல் எடை குறைந்தது, ஆனால் டப்பாவை அடைத்துக்கொள்ளும். நெய் விட்டுப் பிடித்த சத்துமாவு உருண்டையும் கடலைமிட்டாயும் அதே இடத்தில் இரு மடங்குக்கு மேல் தெம்பு தரும்.

இந்த ஒன்பது நாள் சுமை இரு திசைக்கும் பொது. ஆனால் அதை எந்த உடல், எந்த உயரத்தில் சுமக்கிறது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. வடக்கு நோக்கிச் செல்பவர் 2,550 மீட்டரிலுள்ள விட்னி போர்ட்டலில் நிறைந்த டப்பாவுடன் தொடங்கி, உடல் பழகுவதற்கு முன்பே 4,100 மீட்டருக்கு மேல் ஏறிக் கடந்து, அடுத்து 4,009 மீட்டர் உயர ஃபாரெஸ்டர் கணவாயையும் பெரும்பாலும் நிறைந்தே இருக்கும் சுமையுடன் தாண்ட வேண்டும். தெற்கு நோக்கிச் செல்பவரோ யோசெமிட்டி பள்ளத்தாக்கில் 1,230 மீட்டரில் தொடங்கி, சில நாள் உணவை மட்டும் சுமந்து, 3,370 மீட்டர் உயர டொனஹ்யூ கணவாய் போன்றவற்றில் மூச்சைப் பழக்கிக்கொண்டு பாதி வழி வந்த பிறகே அந்தப் பெரிய சுமையைத் தோளில் ஏற்றுகிறார். அப்போது முதலில் வருவது 3,644 மீட்டர் உயர மியூர் கணவாய்; அதன்பின் மேத்தர், பின்ஷோ, கிளென் என்று ஒவ்வொன்றைக் கடக்கும்போதும் டப்பா குறைந்துகொண்டே வர, ஃபாரெஸ்டரை அடையும்போது முதுகில் இரண்டு மூன்று நாள் உணவுதான் மிஞ்சியிருக்கும். உயரம் கூடக்கூடச் சுமை குறையும் இந்த ஒழுங்கு எதிர்த்திசையில் கிடைக்காது. உயரத்தால் வரும் மலைநோய் யாரைத் தாக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததால், இளவயதினரும் உடற்பயிற்சி செய்பவர்களும் இதை அலட்சியம் செய்யக் கூடாது.

வடக்குத் திசைக்கும் நியாயங்கள் உண்டு. யோசெமிட்டியில் முடிப்பவர் பேருந்தேறி மெர்சட் ரயில் நிலையத்தை அடையலாம்; விட்னி போர்ட்டலில் முடிப்பவர் சுமார் 20 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் லோன் பைன் ஊருக்கு யாரிடமாவது வண்டியில் இடம் கேட்க வேண்டும். அனுமதியிலும் வடக்குக்குச் சாதகம் இருக்கிறது. நெரிசல் கூடியதால் யோசெமிட்டியிலிருந்து டொனஹ்யூ கணவாய் வழியாக வெளியேறுவோருக்கு 2015இல் நாளொன்றுக்கு 45 பேர் என்று வரம்பு விதித்தார்கள்; அனுமதிச் சீட்டுக்கான குலுக்கலில் பெயர் விழாதவர்களே அதிகம்.

வடக்கு நோக்கி நான் நடந்தது கியர்சார்ஜ் கணவாய் வரையிலான தென்பகுதி மட்டுமே. முழுப் பாதையையும் அப்படி நடந்தவர்கள், யோசெமிட்டியில் முடியும் கடைசி நாள்கள் மிக எளிதாக இருந்தன என்கிறார்கள். குலுக்கலில் தெற்குத் திசை கிடைக்காவிட்டால், விட்னி போர்ட்டலை விடுத்து, சுமார் 3,000 மீட்டர் உயரத்திலுள்ள ஹார்ஸ்ஷூ மெடோவில் ஓரிரு இரவு தங்கி, காட்டன்வுட் கணவாய் வழியாகப் புறப்படலாம். விட்னியில் மேற்குப்புறமாக ஏறித் திரும்பலாம். ஃபாரெஸ்டருக்கு அப்பால் கியர்சார்ஜ் வழியாகச் சாலை வந்து முடியும் ஆனியன் வேலிக்கு இறங்கி உணவு எடுத்துவந்தால் ஒன்பது நாள் சுமை இரண்டாகப் பிரியும். அதற்குப் போகவர ஏறத்தாழ ஒன்றரை நாள் கூடுதலாக ஒதுக்க வேண்டியிருக்கும்.