பார்ட்டிஷன் அழிந்த வன்தட்டில் டெஸ்ட்டிஸ்க்: எதுவரை நம்பலாம்?

லினக்ஸ் நிறுவும்போது, வட்டைப் பகுதிகளாக (பார்ட்டிஷன்களாக) பிரிக்கும் திரையில் தவறான வரியைத் தேர்ந்தெடுத்து, படங்களும் ஆவணங்களும் இருந்த டிரைவை இழந்தவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைக்கும் மீட்பு மென்பொருள் டெஸ்ட்டிஸ்க். பிரான்ஸைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிப் பராமரித்து வரும் இது, ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது, 7.2 பதிப்பு 2024 பிப்ரவரியில் வெளியானது. டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வெளியீடுகளின் மென்பொருள் களஞ்சியங்களில் இருக்கிறது; நிறுவாமலே கணினியைத் துவக்க உதவும் சிஸ்டம்ரெஸ்க்யூ லைவ் வட்டில் முன்பே நிறுவப்பட்டு வருகிறது. இதைப் பயன்படுத்தியவர்களில் சிலர் எல்லாமே திரும்பி வந்துவிட்டது என்கிறார்கள், சிலர் ஒரு கோப்பும் வரவில்லை என்கிறார்கள். லினக்ஸ் நிறுவி (நிறுவும் மென்பொருள்) எந்தக் கட்டம் வரை சென்றது என்பதைக் கேட்டால்தான் இந்த வேறுபாடு விளங்கும். அதனால், உதிரியாகக் கிடந்த 500 ஜிபி வன்தட்டு ஒன்றில் விண்டோஸின் கோப்பு முறைமையான (கோப்புகளை வட்டில் ஒழுங்குபடுத்தி வைக்கும் அமைப்பு) என்டிஎஃப்எஸ்ஸில் இரண்டு பார்ட்டிஷன்களை அமைத்து, அவற்றைக் கோப்புகளால் நிரப்பி, லினக்ஸ் நிறுவியை வெவ்வேறு கட்டங்களில் நிறுத்திச் சோதித்த பிறகே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

முதல் கட்டம், பார்ட்டிஷன்களை நீக்கிப் புதிய பார்ட்டிஷன் அட்டவணையை எழுதியதோடு நின்ற நிலை. இந்த நிலையில் கோப்புகள் தொடப்படவே இல்லை. அட்டவணையை வைக்கும் பழைய முறையான எம்பிஆரில், வட்டின் முதல் 512 பைட் செக்டாருக்குள் (செக்டார் என்பது வட்டின் சிறு அலகு) 64 பைட் இடம்தான் அட்டவணைக்கு உரியது. ஒரு பதிவுக்கு 16 பைட் வீதம் நான்கு பதிவுகள் அதில் அடங்கும். பார்ட்டிஷன் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்ற அந்தக் குறிப்பு போய்விடுகிறதே தவிர, பார்ட்டிஷனுக்குள் கோப்பு முறைமை எழுதிவைத்த அடையாளங்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. என்டிஎஃப்எஸ், பார்ட்டிஷனின் அளவு முதலிய விவரங்கள் கொண்ட தன் பூட் செக்டாரின் நகலைப் பார்ட்டிஷனின் கடைசியிலும் வைத்திருக்கிறது. லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை, அதே போன்ற விவரங்கள் கொண்ட தன் சூப்பர்பிளாக்கின் நகல்களைப் பல இடங்களில் பரப்பி வைக்கிறது. டெஸ்ட்டிஸ்க் இந்த அடையாளங்களைத் தேடிப் பிடித்து, அவற்றில் குறிக்கப்பட்டிருக்கும் அளவைக் கொண்டு பழைய எல்லைகளைக் கணக்கிடுகிறது. என் சோதனையில் ‘குயிக் சர்ச்’ இரண்டு பார்ட்டிஷன்களையும் சில நிமிடங்களுக்குள் காட்டிவிட்டது.

இந்த மென்பொருளில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் அடுத்து வருகிறது. கண்டுபிடித்த பார்ட்டிஷன் மீது நின்று ‘பி’ விசையை அழுத்தினால், வட்டில் எதையும் எழுதாமலே உள்ளே இருக்கும் கோப்புறைகளையும் கோப்புகளையும் பட்டியலிட்டுக் காட்டுகிறது. நம்முடைய கோப்புப் பெயர்களை நாமே கண்ணால் பார்த்து உறுதி செய்த பிறகு ‘ரைட்’ (எழுது) கொடுத்தால் போதும். அப்போதும் எழுதப்படுவது அட்டவணை மட்டுமே என்பதால், தவறான எல்லையை எழுதிவிட்டாலும் மறுபடி தேடித் திருத்த முடிகிறது. ஒரே ஓர் எச்சரிக்கை: அட்டவணை தவறாக இருக்கும் நிலையில் விண்டோஸைத் துவக்கினால் அது வட்டுச் சோதனை நடத்த முன்வரும், அந்தச் சோதனை ‘திருத்துகிறேன்’ என்று கோப்பு முறைமையின் உள்ளேயே கைவைக்கும். கோப்புகளைப் பார்த்துத் திருப்தி அடையும்வரை அதற்கு இடம் கொடுக்கக் கூடாது.

இரண்டாவது கட்டம், வட்டு முழுவதையும் அழித்து நிறுவும் தெரிவைக் கொடுத்து, நிறுவலும் முடிந்துவிட்ட நிலை. உதவி கேட்டு வருபவர்களில் பலர் இந்த நிலையில்தான் வருகிறார்கள். வட்டின் முன்பகுதியில் சில ஜிபி அளவுக்குப் புதிய இயங்குதளத்தின் கோப்புகள் எழுதப்பட்டுவிடுகின்றன. அங்கே இருந்தவை மீளாது. மற்ற இடம் முழுவதும் அப்படியே இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள், அதுவும் சரியன்று. எக்ஸ்ட்4 வழக்கமான அமைப்பில் ஒவ்வொரு 16,384 பைட்டுக்கும் 256 பைட் அளவுள்ள ஓர் ஐநோடை (ஒரு கோப்பின் விவரங்களை வைக்கும் பதிவு) ஒதுக்குகிறது. கணக்குப் பார்த்தால் பார்ட்டிஷனில் ஏறத்தாழ 1.6 சதவீதம் ஐநோடு அட்டவணைகளுக்குப் போகிறது. 500 ஜிபியில் அது கிட்டத்தட்ட 8 ஜிபி. இந்த அட்டவணைகள் ஒரே இடத்தில் இல்லாமல், வட்டின் நீளம் முழுவதும் இடைவெளி விட்டு அமைகின்றன. ஃபார்மேட் செய்யும் கட்டளை வேகத்துக்காக இவற்றை உடனே பூஜ்யமாக்குவதில்லை. பார்ட்டிஷன் மவுண்ட் ஆன (பயன்பாட்டுக்கு இணைக்கப்பட்ட) பிறகு லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் பின்னணியில் கொஞ்சம் கொஞ்சமாக அந்த வேலையைச் செய்கிறது. அதாவது, புதிதாக நிறுவிய லினக்ஸுக்குள் நுழைந்து, “ஐயோ, டிரைவைக் காணோமே” என்று தேடிக்கொண்டிருக்கும் நேரத்திலும், நாம் எதையும் சேமிக்காதபோதும், பழைய கோப்புகளின் துண்டுகள் அழிந்துகொண்டிருக்கின்றன. கணினியை உடனே அணைத்துவிட்டு, வேறொரு லைவ் யுஎஸ்பியிலிருந்து மட்டுமே வேலையைத் தொடர வேண்டும் என்று அனுபவசாலிகள் வற்புறுத்துவதற்கு இதுவே வலுவான காரணம்.

இந்த நிலையில் டெஸ்ட்டிஸ்க் எனக்குத் தந்த பலன் இரண்டு விதமாக இருந்தது. முதல் பார்ட்டிஷனின் எல்லையை அது பார்ட்டிஷனின் கடைசியில் இருந்த பூட் செக்டார் நகலைக் கொண்டு அடையாளம் கண்டது. ஆனால் ‘பி’ அழுத்தியதும் கோப்பு முறைமை சேதமடைந்திருப்பதாகக் கூறி நின்றுவிட்டது. விண்டோஸ் பெரிய என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷன்களில் கோப்புகளின் முதன்மைப் பட்டியலை வழக்கமாகத் தொடக்கத்திலிருந்து 3 ஜிபி தொலைவில் வைக்கிறது; புதிய இயங்குதளம் அமர்ந்ததும் ஏறக்குறைய அதே பரப்பில்தான். இரண்டாவது பார்ட்டிஷன் ‘டீப்பர் சர்ச்’ எனும் ஆழமான தேடல் செய்தபோது கிடைத்தது, பெரும்பாலான கோப்புறைகளும் தெரிந்தன. இங்கே ‘ரைட்’ கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பழைய பார்ட்டிஷனும் புதிய பார்ட்டிஷனும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதால் இரண்டையும் ஒரே அட்டவணையில் எழுத முடியாது. பழையதை எழுதி மவுண்ட் செய்தால், சேதமடைந்த கோப்பு முறைமையில் புதிய எழுத்துகள் விழும் அபாயமும் உண்டு. பட்டியல் திரையிலேயே ‘ஏ’ விசையால் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, பெரிய எழுத்து ‘சி’யால் வேறொரு வட்டுக்கு நகலெடுத்துக்கொள்வதே பாதுகாப்பானது. அப்படி எடுத்த கோப்புகளில் சில படங்கள் பாதிக்கு மேல் சாம்பல் நிறமாகத் திறந்தன; பெயரும் அளவும் சரியாக இருந்தும் நடுவில் ஒரு துண்டு பறிபோயிருந்தது. எனவே நகலெடுத்தவற்றைத் திறந்து பார்க்காமல் மூல வட்டை விட்டுவிடக் கூடாது.

எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத மின்னணு வட்டு) வைத்திருப்பவர்களுக்கு நான் நம்பிக்கை தர முடியாது. எக்ஸ்ட்4 ஃபார்மேட் கட்டளை, வட்டு ஏற்றுக்கொண்டால், பார்ட்டிஷன் முழுவதையும் ‘இனித் தேவையில்லை’ என்று எஸ்எஸ்டிக்கு முதலிலேயே அறிவித்துவிடுகிறது. அதன்பின் அந்த இடங்களைப் படித்தால் பெரும்பாலும் பூஜ்யங்களே வரும். அதைப் படித்து எதையும் மீட்க முடியாதது டெஸ்ட்டிஸ்க்கின் குறையன்று. பணம் வாங்கும் மென்பொருள்களும் அதே பூஜ்யங்களைத்தான் படிக்கும்.

டெஸ்ட்டிஸ்க்கோடு சேர்ந்தே வரும் போட்டோரெக், கோப்பு முறைமையை அடியோடு ஒதுக்கிவிட்டு, கோப்புகளின் தலைப்பகுதி அடையாளங்களைக் கொண்டு தேடுகிறது. பெயர் படங்களைச் சொன்னாலும், ஆவணங்கள், ஒலி, காணொளி உட்பட நூற்றுக்கணக்கான வகைகளை இது அறியும். முதல் பார்ட்டிஷனிலிருந்து எனக்குக் கிடைத்த அனைத்தும் இதன் வழியாகவே கிடைத்தன. ஆனால் கோப்புப் பெயர், கோப்புறை அமைப்பு இரண்டும் போய்விடும். வெறும் எண்களைப் பெயராகக் கொண்ட ஆயிரக்கணக்கான கோப்புகள், இணையப் பக்கங்களின் சின்னப் படங்கள் உட்பட, வரிசையான கோப்புறைகளில் வந்து குவியும். ஆண்டுவாரியாகவும் நிகழ்ச்சிவாரியாகவும் பெயரிட்டு வைத்திருந்த குடும்பப் படங்களை அந்தக் குவியலிலிருந்து பிரிப்பது மிகவும் சோர்வு தரும் வேலை. துண்டு துண்டாகச் சிதறிய பெரிய காணொளிகள் முழுமையாக வருவதும் அரிது. ஆகவே டெஸ்ட்டிஸ்க்கில் ‘டீப்பர் சர்ச்’ வரை முயன்ற பிறகே இதற்கு வர வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக வட்டின் முழு நகலை எடுத்துவிடுவது நல்லது. அதற்குக் குனு டிடிரெஸ்க்யூ மிகச் சிறந்தது. படிக்க முடிந்த இடங்களை முதலில் எடுத்துவிட்டு, பழுதான இடங்களுக்குப் பிறகு திரும்பி வருகிறது, எதுவரை முடிந்தது என்பதையும் தனிக் கோப்பில் குறித்துக்கொள்கிறது. உபுண்டுவிலும் டெபியனிலும் இதன் பொதிப் பெயர் ‘ஜிடிடிரெஸ்க்யூ’. ஏறத்தாழ இதே பெயரில் வேறொரு மென்பொருளும் இருப்பதால் கவனித்து நிறுவ வேண்டும். டெஸ்ட்டிஸ்க்கும் போட்டோரெக்கும் இந்த நகல் கோப்பையே வட்டாக ஏற்றுக்கொள்கின்றன.

குறை என்று சொன்னால், இடைமுகம்தான். கறுப்புத் திரையில் அம்புக்குறி விசைகளால் நகரும் ஆங்கிலப் பட்டியல்கள், தரவை இழந்த பதற்றத்தில் இருப்பவருக்கு இணக்கமானவை அல்ல. எந்த வகை அட்டவணை என்று தொடக்கத்திலேயே கேட்கும் கேள்விக்கு அது தரும் குறிப்பு, வட்டில் இப்போது இருப்பதைப் பற்றியது. பழைய அட்டவணை எம்பிஆராக இருந்து நிறுவி அதைப் புதிய முறையான ஜிபிடியாக மாற்றியிருந்தால், அந்தக் குறிப்பை நம்பிப் பழைய அட்டவணையைத் திரும்ப எழுதுபவர் குழம்பிப்போவார். கோப்புப் பெயர்கள் தமிழில் இருந்தால், லைவ் சூழலின் வரைகலை முனையத்தில் இயக்குவது நல்லது. வெறும் உரைத்திரையில் தமிழ் எழுத்துகள் தெரியாது. மற்றொன்று, ‘ரைட்’ கொடுப்பதா, நகலெடுப்பதா என்ற முக்கியமான முடிவில் மென்பொருள் வழிகாட்டுவதில்லை. பார்ட்டிஷன்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதை அறிந்துகொள்ளும் மென்பொருள், அந்த இடத்திலேயே “முதலில் நகலெடுங்கள்” என்று ஒரு வரி சொன்னால் பலருடைய கோப்புகள் தப்பும்.

டெஸ்ட்டிஸ்க்கைவிட எளிய வழி இருக்கும் ஒரு நிலையையும் சொல்ல வேண்டும். லைவ் யுஎஸ்பி தயாரிக்கும்போது, பென் டிரைவுக்குப் பதிலாக வன்தட்டின் மீதே இயங்குதளத்தின் ஐஎஸ்ஓ வட்டுப்படக் கோப்பை எழுதிவிட்டால், வட்டின் முதல் சில ஜிபி மட்டுமே அழியும். ஜிபிடி தன் அட்டவணையின் நகலை வட்டின் கடைசியில் வைத்திருப்பதால், ஜிடிஸ்க் என்ற பார்ட்டிஷன் மென்பொருளின் மீட்புப் பட்டியலுக்குள் போய் அந்த நகலையே மூலமாக ஏற்கச் செய்தால், பின்னால் இருந்த பார்ட்டிஷன்கள் தேடலே இல்லாமல் திரும்பிவிடும். நிறுவியே வட்டை அழித்திருந்தால் இந்த வழி உதவாது, ஏனெனில் அது முன்னும் பின்னும் இரண்டு இடங்களிலும் புதிய அட்டவணையை எழுதிவிடுகிறது.